வெங்காயத் தோலில் பசுங்கணிகம் ஏது?

உங்கள் செய்முறைப் பதிவேட்டை எடுத்து, வெங்காயத் தோல் செல்களின் படம் உள்ள பக்கத்தைத் திருப்புங்கள். செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாகச் செல்கள் இருக்கும். ஒவ்வொரு செல்லின் நட்டநடுவிலும் வட்டமாக ஓர் உட்கரு இருக்கும். பலருடைய பதிவேட்டில் படம் இத்துடன் நிற்பதில்லை. நீள்வட்ட வடிவில் சில மைட்டோகாண்ட்ரியாக்கள், அவற்றுக்குள் நெளிநெளியான கோடுகள், பொட்டுப் பொட்டாக ரைபோசோம்கள், பச்சைப் பென்சிலால் தீட்டிய இரண்டு மூன்று பசுங்கணிகங்கள் எல்லாம் இடம் பெற்றிருக்கும். பக்கத்தின் அடியில் ஆசிரியரின் சிவப்பு மைக் கையெழுத்தும் இருக்கும்.

இவற்றில் எவற்றை நீங்கள் நுண்ணோக்கியில் பார்த்தீர்கள்?

பசுங்கணிகத்தைப் பார்த்திருக்க முடியாது. நாம் உரித்தெடுப்பது வெங்காயச் செதிலின் உட்புறத் தோல். சதைப்பற்றான செதில்களுக்கு நடுவே வெளிச்சம் படாமல் கிடக்கும் அந்தத் தோல் கண்ணாடி போல நிறமற்றது. அதில் பசுங்கணிகம் கிடையாது. ரைபோசோமையும் பார்த்திருக்க முடியாது. ஒளியைக் கொண்டு பார்க்கும் சாதாரண நுண்ணோக்கி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஏறக்குறைய 0.2 மைக்ரானுக்கும் நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளை அது தனித்தனியாகக் காட்டாது. (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) ரைபோசோமின் குறுக்களவோ சுமார் 0.025 மைக்ரான்தான். ஜார்ஜ் பலாடே 1950களில் அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளும் அந்தக் கருவி வந்த பிறகே தெரிந்தன. பள்ளி ஆய்வுக்கூடத்து மேசையில் உள்ள கருவியில் இவை தெரிந்திருந்தால் அது உலகச் செய்தி ஆகியிருக்கும்!

உங்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நுண்ணோக்கி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆசிரியர் குவியத்தைச் சரிசெய்து வைப்பார். ரேஷன் கடையில் நிற்பது போல வரிசையில் நின்று, ஆளுக்கு அரை நிமிடம் கண்ணை வைத்துவிட்டு நகர வேண்டும். "தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுது சார்." அதற்குள் மணி அடித்துவிடும். பிறகு வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து வரைவதைத் தவிர வேறு வழி ஏது? அப்படி வரைந்த படத்துக்கே முழு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தவனுக்கு "பாகங்கள் விடுபட்டுள்ளன" என்ற குறிப்பு கிடைக்கிறது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

புத்தகத்தில் உள்ள படம் தவறா என்று கேட்பீர்கள். தவறில்லை. ஆனால் அது எந்த ஒரு செல்லின் படமும் அன்று. எத்தனையோ செல்களில், வெவ்வேறு சாயங்களாலும் வெவ்வேறு கருவிகளாலும், பல ஆண்டுகளில் பலர் கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்து வரைந்த படம் அது. அதை ரயில்வே வரைபடத்துக்கு ஒப்பிடலாம். வரைபடத்தில் மதுரை ஒரு கரும்புள்ளியாக இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போய் வந்த ஒருவர், பயணக் கட்டுரை என்ற பெயரில் அந்த வரைபடத்தை நகல் எடுத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா?

ஒரு பள்ளிப் பதிவேட்டுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று தோன்றலாம். தேர்ந்த விஞ்ஞானிகளே இந்தப் பழக்கத்தில் சிக்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் தடுமாறிய கதை ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள்.

மனித செல்லில் குரோமோசோம்கள் எத்தனை என்று கேட்டால் 46 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். உங்கள் தாத்தா பள்ளியில் படித்த காலத்தில் 48 என்பதே விடையாக இருந்திருக்கும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோஃபிலஸ் பெயின்டர் என்ற உயிரியலார் 1923இல் அந்த எண்ணை உறுதி செய்தார். அவர் விந்தகத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி எண்ணியவர். சீவலில் குரோமோசோம்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். கொதித்துக் குழைந்த சேமியாவில் எத்தனை இழை என்று எண்ணுவது போன்ற வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், மிகத் தெளிவாக அமைந்த செல்களில் 46தான் தெரிகிறது என்று 1921இல் அவரே எழுதியிருந்தார். ஆனாலும் இறுதியில் 48 என்ற முடிவுக்குச் சென்றார். அவர் திறமையில் குறைந்தவர் அல்லர். அன்றைய முறையில் அதைவிடத் தெளிவாகப் பார்ப்பது கடினம்.

அதற்குப் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. 48 என்ற எண் பாடநூல்களில் ஏறிவிட்டது. அடுத்து எண்ணியவர்களுக்கு எத்தனை வர வேண்டும் என்பது முன்பே தெரியும். குறைவாக வந்தால் "இரண்டு மறைந்து கிடக்கின்றன" என்று நினைத்தார்கள். 1952இல் டி. சி. சூ என்ற ஆய்வாளர், செல்களை நீர்த்த கரைசலில் ஊறவைத்தால் அவை உப்பிக் குரோமோசோம்கள் அழகாகப் பிரிந்து நிற்பதைக் கண்டார். இத்தனை தெளிவாகப் பிரிந்த பின்னும் அவர் வெளியிட்ட எண் 48தான்!

1955 டிசம்பரில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லேவான் ஆகிய இருவரும் மனிதக் கருவின் நுரையீரலிலிருந்து வளர்த்த செல்களைப் பார்த்தார்கள். ஜியோ ஜாவாத் தீவில் பிறந்தவர். தாவரக் குரோமோசோம்களில் கைதேர்ந்தவர். எண்ணிய செல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் 46 வந்தது. அந்த எண்ணையே 1956இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. சில மாதங்களுக்கு முன் அதே நாட்டில் வேறு மூவர் கருவின் ஈரல் செல்களை எண்ணியிருக்கிறார்கள். அவர்களுக்கும் 46தான் வந்தது. 48உம் அகப்படவில்லையே என்று ஆராய்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்களாம். சரியான விடையைக் கண்ணால் கண்டும் புத்தகத்தை நம்பி ஒதுங்கிய அந்த மூவரை நினைத்தால் எனக்கு இரக்கமே உண்டாகிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? அதையும் சொல்லித்தர வேண்டும் அல்லவா?

முதல் தேவை நேரம். 1665இல் தக்கையின் சீவலைப் பார்த்து "செல்" என்ற சொல்லைத் தந்தவர் ராபர்ட் ஹூக். ஒரு பொருளைப் பலவிதமான வெளிச்சத்தில், பல கோணங்களில் திரும்பத் திரும்பப் பார்த்து அதன் உண்மை உருவம் பிடிபட்ட பிறகே பென்சிலை எடுத்ததாகத் தம் நூலின் முன்னுரையில் அவர் எழுதியிருக்கிறார். அரை நிமிடத்தில் எதுவும் பிடிபடாது. பத்து நிமிடமாவது வேண்டும்.

வெங்காயத் தோலை உரித்து உடனே நீரில் போடுங்கள், காய்ந்தால் சுருண்டுவிடும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு, மடிப்பில்லாமல் விரித்து, கவர் ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக மெல்ல இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். கனத்த கரிய விளிம்புடன், உள்ளே ஒன்றுமில்லாமல், கச்சிதமான வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் குமிழ்தான். எத்தனை பதிவேடுகளில் குமிழ்கள் "உட்கரு" என்று பெயர் பெற்றுள்ளன என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்!

முதலில் சாயமேற்றாமல் பாருங்கள். மேடைக்குக் கீழுள்ள துவாரத்தைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறையுங்கள். பளீரென்ற வெளிச்சத்தில் நிறமற்ற செல் கரைந்தது போல மறைந்துவிடும். மங்கலில்தான் விளிம்புகள் எழும். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளை வைத்து உறிஞ்ச விடுங்கள். சிறிது நேரத்தில் உட்கரு பழுப்பு மஞ்சளாகத் துலங்கும்.

இப்போது அந்த உட்கரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதிர்ந்த வெங்காயச் செல்லின் பெரும்பகுதியை நுண்குமிழின் சாறே நிரப்பியிருக்கிறது. சைட்டோபிளாசம் சுவரை ஒட்டி மெல்லிய பூச்சாக ஒதுங்குகிறது. உட்கருவும் அதனுடன் ஒதுங்குகிறது. ஆகவே பல செல்களில் உட்கரு பக்கச் சுவரில் ஒட்டிய பொத்தான் போலத் தெரியும். சிலவற்றில் நடுவிலும் தெரியும். அது எப்படி? நுண் திருகை மெல்லத் திருப்புங்கள். செல் தட்டையான கட்டம் அன்று, உயரமுள்ள ஒரு பெட்டி. நடுவில் தெரிந்த உட்கரு அந்தப் பெட்டியின் மேற்சுவரிலோ அடிச்சுவரிலோ ஒட்டியிருப்பது, குவியம் மாறும்போது புரியும். அந்தத் திருகில் கை வைக்காமல் வெறுமனே எட்டிப் பார்த்துவிட்டு வருபவருக்கு இது ஒருநாளும் புரியாது.

பசுங்கணிகம் பார்க்க ஆசையா? குளத்திலிருந்து வேலம்பாசி ஒரு கொத்து எடுத்து வாருங்கள். இளம் இலை ஒன்றை முழுதாக நீரில் வைத்துப் பார்த்தால் போதும். வெட்டவோ சாயமேற்றவோ தேவையில்லை. பச்சைப் பயறு சிதறியது போலப் பசுங்கணிகங்கள் தெரியும். நல்ல வெளிச்சத்தில் சற்று வைத்திருந்து, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால், நடுநரம்பை ஒட்டிய செல்களில் அவை சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதைக் காணலாம். அச்சிட்ட எந்தப் படமும் இதைக் காட்டாது.

"எனக்குப் படம் வரையவே வராது" என்பவர்களுக்கு ஓர் ஆறுதல். நுண்ணுயிரிகளை உலகுக்குக் காட்டிய ஹாலந்து நாட்டு லேவன்ஹூக்குக்கும் வரைய வராது. கூலிக்கு ஓவியரை வைத்துக்கொண்டார். நீங்கள் ஓவியரைத் தேட வேண்டியதில்லை. கோணலாக இருந்தாலும் கண்டதை வரைந்தால் போதும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். முழு வகுப்பையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்தாமல், வாரத்துக்குப் பத்துப் பேராகப் பார்க்க விடலாமே. அலமாரிக்குள் உறை போர்த்திக் கிடக்கும் கருவி பழுதாகாது என்பது உண்மைதான். பயன்படாது என்பதும் உண்மை. பதிவேட்டில் படத்துக்குக் கீழே "கண்டவை", "காணாதவை" என்று இரண்டு வரிகள் எழுதச் சொல்லுங்கள். "மைட்டோகாண்ட்ரியா: காணவில்லை" என்று எழுதும் மாணவிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒப்புக்கொள்வாரா என்ற கவலை இருக்கும். பள்ளியிலேயே நடக்கும் தேர்வுகளிலாவது தொடங்கலாம்.

கடைசியாக, புத்தகத்தைப் பார்த்து எழுதவே முடியாத ஒரு வேலை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை மேடையில் வைத்து, நூறு மடங்கு பெரிதாக்கும் வில்லையில் பாருங்கள். மில்லிமீட்டர்க் கோடுகள் தெரியும். பார்வை வட்டத்தின் குறுக்களவு சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் கருவிக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அளவுகோலை எடுத்துவிட்டு வெங்காயத் தோலை வைத்து, வட்டத்தின் குறுக்கே நீளவாட்டில் எத்தனை செல்கள் அடங்குகின்றன என்று எண்ணுங்கள். 1.8 மி.மீ. வட்டத்தில் ஆறு செல்கள் என்றால் ஒரு செல்லின் நீளம் 0.3 மி.மீ. பெரிய வெங்காயத்தின் செல் சின்ன வெங்காயத்தின் செல்லைவிட நீளமானதா? இரண்டையும் அளந்து, கிடைத்த எண்களைப் படத்துக்குக் கீழே எழுதி வையுங்கள்.