கோழியைத் தவிர வேறொன்றும் இல்லையா?



சில வாரங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை, மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்விப் பாடம் நடத்தினேன். புரதச்சத்து உடலை வளர்க்கும் சத்து என்று வெண்பலகையில் எழுதிவிட்டு, "நேற்று வீட்டில் என்ன புரத உணவு உண்டீர்கள்?" என்று கேட்டேன். இருபத்து மூன்று பேரில் பதினேழு பேர் "கோழி" என்றனர். மூவர் "நகெட்" என்றனர்; அதுவும் கோழிதான். இருவர் முட்டை என்றனர். கடைசியாக எழுந்த மாணவி, "நேற்று செவ்வாய்க்கிழமை ஐயா, எங்கள் வீட்டில் சைவம். அதனால் புரதம் சாப்பிடவில்லை" என்றாள்.

அந்தப் பிள்ளையின் மீது குற்றமில்லை. புரதம் என்றால் கோழி, கோழி இல்லையென்றால் முட்டை என்று நாம்தான் கற்றுக் கொடுத்திருக்கிறோம். பாடநூலில் பருப்பின் படமும் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பருப்பு என்பது சோற்றை நனைக்கும் குழம்பு; உணவாக யாரும் அதைக் கருதுவதில்லை.

அவள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் சைவம். புரட்டாசி வந்தால் மாதம் முழுவதும் சைவம். விரதம் இருப்பதை நான் குறை கூறவில்லை. அந்நாள்களில் தட்டில் வருவது எது என்பதே என் கேள்வி. சோறு, இரசம், முட்டைகோசுப் பிரட்டல், அப்பளம். கோழியை எடுத்துவிட்டோம், அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை.

பருப்புக் குழம்பு இருக்கிறதே என்று தாய்மார்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர்ந்த துவரம் பருப்பு 50 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் புரதம் உண்டு. அதை ஒரு சட்டி சாம்பாராகக் கரைத்து ஆறு பேர் பகிர்ந்தால், ஆளுக்கு 2 கிராம்கூடத் தேறாது. குழம்பில் குற்றமில்லை, அளவில்தான் குற்றம். அதே பருப்பைக் கெட்டியாகக் கடைந்து ஒருவருக்கு ஒரு கிண்ணம் வைத்தால் அது புரத உணவு.

தேவையோ மலைக்க வைக்கும் அளவன்று. மலேசியர்களுக்கான 2017ஆம் ஆண்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை, 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் புரதம் போதும் என்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம், சிறு துண்டு கெம்போங் மீனில் 10 கிராம், அரைக் கிண்ணம் அவித்த கொண்டைக்கடலையில் 7 கிராம். கணக்கு முடிந்தது. சோற்றிலும் சிறிது உண்டு. இதற்காக விலையுயர்ந்த 'வளர்ச்சி மாவு' டின்களை மாதந்தோறும் வாங்கிக் கடன்படுகிற பெற்றோரை நான் அறிவேன்.

அப்படியென்றால் தினமும் கோழி உண்ணும் பிள்ளைக்கு என்ன குறை? புரதக் குறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நெத்திலியை முள்ளோடு உண்பதால் கிடைக்கும் சுண்ணாம்புச்சத்தும், கடலையில் உள்ள நார்ச்சத்தும் கோழித் தொடையில் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பது தெரியவந்தது. அதற்குப் புரதம் மட்டுமே காரணமன்று. இருந்தாலும் ஐவரில் ஒரு குழந்தை என்பதைப் படித்த பிறகு, என் வகுப்பின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்களை வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

தோட்டத்தில் நிலைமை எப்படி இருந்தது? என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். லயத்துக்குப் பின்னால் கோழி அடைந்திருக்கும். மாடு வைத்திருந்த வீட்டில் மோர் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். ஆற்று மீன் உண்டு, வேலியோரம் முருங்கை உண்டு, சம்பள நாளில் ஆட்டிறைச்சி உண்டு, மற்ற நாள்களில் தட்டைப்பயறும் கருவாடும். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். வெறுந்தேநீரோடு வேலைக்குப் போன காலைகளைப் பாட்டியே சொல்லியிருக்கிறார். ஆயினும் வாரத்தின் ஏழு நாளும் ஒரே பிராணியை நம்பி அவர் அடுப்பு எரிந்ததில்லை.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. அதை எதிர்கொள்ள சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை அனைவரும் அறிவர். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; மக்கள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தனர். நான்காம் மாடியில் மாடு கட்ட முடியாது. மோர் போன இடத்தில் டின் பால் வந்து அமர்ந்தது. 'கிரீமர்' என்று எழுதிய டின்களைத் திருப்பிப் பாருங்கள்: சர்க்கரையும் செம்பனை எண்ணெயும்தான் முன்னே நிற்கும். அது பாலன்று. காலையில் அதைக் கலந்த தேநீரைக் குடித்துவிட்டுப் பிள்ளை பால் குடித்துவிட்டான் என்று நம்பி அனுப்புகிறோம். முதல் பாடவேளையில் அவன் மேசையில் தலை சாய்க்கிறான்.

இத்தனைக்கும் நாம் இருக்கும் ஊர் ஈப்போ! புந்தோங்கில் கச்சாங் பூத்தே கிராமம் இருக்கிறது. 1940களில் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தொடங்கிய தொழில் அது. ஆம், பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம். தலையில் தட்டு ஏந்தி, காகிதச் சுருளில் கடலை விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாடெங்கும் விற்கிறார்கள். நாமோ அதைத் திரைப்படம் பார்க்கும்போது கொறிக்கும் தீனியாக ஒதுக்கிவிட்டோம். வறுத்த வேர்க்கடலையின் எடையில் கால் பங்கு புரதம். உப்பும் எண்ணெயும் ஏறிய வகைகளைத் தவிர்த்து, அவித்த கடலையாக வாங்கினால் போதும். (வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் உண்டு; சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும். கவனம் தேவை.)

அதே புந்தோங்கில்தான் ஈப்போவின் புகழ்பெற்ற தவ்கேயும் விளைகிறது. ஆனால் முளைவிட்டால் புரதம் பல மடங்கு பெருகும் என்ற பேச்சை நம்ப வேண்டா. தவ்கேயில் பெரும்பகுதி நீர். 100 கிராமில் 3 கிராம் புரதம்தான். அது நல்ல காய்கறி, அவ்வளவே. முளைவிடாத பாசிப்பயறை அவித்து உண்பதே இங்குப் பயன் தரும்.

தௌஃபூவும் தெம்பேயும் இன்னும் நம் சமையலறைக்கு விருந்தாளிகளாகவே இருக்கின்றன. சாவகத்தில் பிறந்த தெம்பேயில் 100 கிராமுக்கு 19 கிராம் புரதம் உண்டு. மெல்லியதாக நறுக்கி, மஞ்சளும் மிளகாயும் தடவிப் பிரட்டினால் சைவ நாளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அரிசியில் குறைவாக உள்ள லைசின் சோயாவிலும் பருப்பிலும் நிறைய இருப்பதால், சோற்றோடு இவை சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. இட்டிலியில் உளுந்து சேர்த்தவர்கள் இந்தப் பெயர்களை அறியாமலேயே அதைச் செய்தார்கள்.

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று ஒரு தட்டுக் கணக்குச் சொல்கிறது. சுக்கு என்றதும் காய்ந்த இஞ்சியை நினைத்துவிடாதீர்கள்! கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காய்கனிகள். சைவ நாளிலும் அந்தக் கால் பங்கு காலியாக இருக்கக் கூடாது என்பதே பெற்றோரிடம் நான் வைக்கும் வேண்டுகோள். நவராத்திரி ஒன்பது நாளும் ஒன்பது வகைச் சுண்டல் செய்யத் தெரிந்த நமக்கு இது கடினமா என்ன?

விலையையும் எண்ண வேண்டியிருக்கிறது. கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் முதல் நாளோடு முடிந்தன. முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்டு முதல் நாளோடு நின்றது. இவ்விரண்டை மட்டுமே நம்பிய குடும்பத்தில் விலையேற்றம் நேரே பிள்ளையின் தட்டில் விழுகிறது.

சென்ற வாரம் எங்கள் சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடம் பேசினேன். வாரத்தில் இரண்டு நாள், பொரித்த நகெட்டுக்குப் பக்கத்தில் அவித்த கடலையும் தெம்பேப் பிரட்டலும் வைக்க முடியுமா என்று கேட்டேன். "வைக்கலாம் சார். பிள்ளைகள் வாங்காவிட்டால் யார் பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்விதான். முதல் மாதம் விற்காமல் மிஞ்சுவதை ஆசிரியர்கள் நாங்கள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது.