அந்தப்புரத்தின் தலையில் ஏற்றிய பழி

சரித்திர நாடகம் பொழுதுபோக்குக்காக ஆக்கப்படுவது. அதில் அரசியலைத் துருவித் தேடுவது வேண்டாத வேலை என்று கூறுவோர் உளர். கொரிய அரசவைத் தொடர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இவ்விடை ஆயத்தமாக நிற்கின்றது. பட்டாடையின் நிறத்தையும் பட்டத்தரசியின் கண்ணீரையும் பொல்லாத ஆசைநாயகியின் சூழ்ச்சியையும் கண்டு களித்துவிட்டு உறங்கப் போகவேண்டியதுதானே என்கின்றனர் இவர்கள். அரசவையைக் களமாகக் கொண்ட கதையில் அரசியலை மறைப்பதற்கே பெருமுயற்சி வேண்டும் என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்முயற்சி யாருக்காக மேற்கொள்ளப்படுகிறது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

2010 ஆம் ஆண்டு மார்ச் முதல் ஒக்டோபர் வரை கொரியாவின் எம்.பி.சி. நிறுவனம் 60 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘டொங் யி’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதனை நெறிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் லீ பியோங் ஹூன். இவருடைய ‘டே ஜாங் கும்’ நம் நாட்டு ரூபவாஹினியிலும் சிங்களக் குரலில் ஒளிபரப்பாயிற்று. ஆதலால் இவரது கைவண்ணம் இலங்கை இரசிகர்களுக்குப் புதிதன்று. கதையை ஓட்டத் தெரிந்தவர். ஒரு பகுதி முடியும் இடத்தில் அடுத்த பகுதிக்காக மனம் ஏங்கும்படி நிறுத்தத் தெரிந்தவர். திறமையற்றவர் கூறும் பொய்க்கு மறுப்பெழுதி மையை வீணாக்க வேண்டியதில்லை. இவர் திறமைசாலி, ஆகவே எழுதவேண்டியிருக்கிறது.

‘டொங் யி’யின் தொடக்கம் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் ஜோசொன் அரசு. பிணங்களைச் சோதிக்கும் இழிதொழில் விதிக்கப்பட்ட ஒருவன், தப்பியோடும் அடிமைகளுக்கு உதவும் இரகசியச் சங்கத்தின் தலைவனாக இருக்கிறான். பிரபுக்கள் தாம் செய்த கொலைகளை அச்சங்கத்தின் மீது சுமத்துகின்றனர். தலைவனும் அவன் மகனும் மாண்டு போகின்றனர். மகள் டொங் யி தப்பிப் பிழைக்கிறாள். இதுவரை கதை மதிலுக்கு வெளியே நிற்கிறது. பின்னர் அவள் அரண்மனையின் இசைப் பணியகத்தில் வேலைக்காரியாக நுழைகிறாள். அவளோடு தொடரும் உள்ளே நுழைந்துவிடுகிறது. மீண்டும் வெளியே வருவதெல்லாம் விருந்தினர் வந்து போவதைப் போலத்தான்.

ஒரு காட்சி மிகவும் புகழ்பெற்றது. மாறுவேடத்தில் வந்த மன்னன் சுக்ஜொங்கை யாரென்று அறியாத டொங் யி, அவனைக் குனியச் சொல்லி, அவன் முதுகில் ஏறி நின்று மதிலைக் கடக்கப் பார்க்கிறாள். வாளைச் சரியாகப் பிடிக்கவும் தெரியாத அந்த மன்னன் மூச்சு வாங்குகிறான், நாமும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்போடு மன்னன் நம் நண்பனாகி விடுகிறான். அதன் பின்னர் அவன் ஆட்சியில் நிகழும் எந்தக் கொடுமைக்கும் அவன் பொறுப்பாளி அல்லன். கெட்ட அமைச்சர்கள் ஏமாற்றினர். ஜாங் ஹீ பின் என்னும் ஆசைநாயகி மயக்கினாள். அவளது தமையன் சதி செய்தான். பாவம், மன்னன்!

சரித்திரத்தில் இந்த ‘பாவம், மன்னன்’ யார்? 1674 ஆம் ஆண்டு பதின்மூன்று வயதில் அரியணை ஏறி 1720 வரை ஆண்டவன். அவன் காலத்தில் பிரபு வர்க்கம் மேற்குக் கட்சி, தெற்குக் கட்சி எனப் பிரிந்து நின்றது. இரண்டும் நிலவுடைமையாளரின் கட்சிகளே. அரச குடும்பத்தில் ஒருவர் இறந்தால் எத்தனை காலம் துக்கம் காப்பது என்பதுகூட இவர்களுக்குள் 1659 இலும் 1674 இலும் பெரும்போராக மூண்டது. கேட்பதற்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் மன்னனும் பிரபுவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்களா, மன்னனுக்குத் தனிவிதி உண்டா என்பதே அங்கு பேசப்பட்ட விஷயம். சுக்ஜொங் இதற்குத் தன் வழியில் விடை கண்டான். ஒரு கட்சி வலுத்தபோது அதனை ஒரேயடியாகத் துரத்தி மறு கட்சியை அமர்த்துவது அவனது உபாயம். 1680, 1689, 1694 என்று பதினான்கு ஆண்டுகளுள் மும்முறை இவ்வாறு அரசாங்கத்தைக் குடைசாய்த்தான். ஒவ்வொரு முறையும் தலைகள் உருண்டன. ஒவ்வொரு முறையும் அரியணையின் கால்கள் உறுதிப்பட்டன.

1680 ஆம் ஆண்டின் மாற்றத்தை நாம் சிறிது ஊன்றி நோக்கவேண்டும். தெற்குக் கட்சியின் முதலமைச்சர் ஹோ ஜொக் தம் வீட்டு விருந்துக்கு அரண்மனையின் எண்ணெய் தோய்த்த மழைக்கூடாரங்களை அனுமதியின்றி எடுத்துச் சென்றார் என்பதும், மழையைக் கண்டு மன்னன் தானே அவற்றைக் கொடுத்தனுப்ப நினைத்தபோது அவை முன்பே போய்விட்டதை அறிந்து சினந்தான் என்பதும் பரம்பரையாகக் கூறப்படும் கதை. கூடாரத்துக்காக ஒரு கட்சியே அழிந்ததென்று நம்புவோர் நம்பட்டும். நமக்கு வேண்டியது வேறு. அந்த ஆண்டில் இன்ஹியோன் அரசியாக அரண்மனை புகவில்லை; அவளது திருமணம் 1681 இல் நடந்தது. ஜாங் அம்மையாரின் பிள்ளையும் பிறக்கவில்லை. அவன் பிறந்தது 1688 இல். இரு பெண்களின் பொறாமை தோன்றுவதற்கு முன்னரே மன்னன் முதல் கட்சியைக் கவிழ்த்தாயிற்று. பொறாமை அரசியலைப் பிறப்பித்தது என்னும் தொலைக்காட்சிச் சித்தாந்தம் இந்த ஒரு தேதியின் முன் நிற்க மாட்டாது.

1689 இல் ஜாங்கின் குழந்தையை வாரிசுநிலைக்கு உயர்த்தியதை மேற்குக் கட்சி எதிர்த்தது. எண்பது வயது கடந்த அறிஞர் சொங் சீ யொல் நஞ்சருந்தி மாளுமாறு பணிக்கப்பட்டார். இன்ஹியோன் துரத்தப்பட்டாள், ஜாங் அரசியானாள். 1694 இல் எல்லாம் தலைகீழாயிற்று. 1701 இல் இன்ஹியோன் நோயுற்று இறந்தாள். மாந்திரீகம் செய்து அவளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டி, ஜாங்கை உயிர்விடுமாறு மன்னன் ஆணையிட்டான். தொலைக்காட்சி ஆண்டுக்காண்டு திரும்பக் காட்டும் நஞ்சுக் கிண்ணக் காட்சி இதுவே. கிண்ணத்தை நிரப்பிய கையைக் காட்டுவதைவிட, அதைக் குடிக்க மறுத்து அலறும் வாயைக் காட்டுவதில்தான் அதற்கு விருப்பம் அதிகம். இனி எந்த ஆசைநாயகியும் அரசியாதல் ஆகாது என்றும் மன்னன் விதித்தான். குற்றம் பெண்ணினத்தின் மீது சட்டமாகவே எழுதப்பட்டது.

இந்தக் கதை தொலைக்காட்சி கண்டுபிடித்ததன்று. கிம் மான் ஜூங் என்னும் எழுத்தாளர் மேற்குக் கட்சியின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவர். மன்னனின் முதல் மனைவிக்குச் சிறிய தந்தை. 1689 இல் நம்ஹே தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1692 இல் அங்கேயே மாண்டார். நற்குணமுடைய மனைவியைப் பொல்லாத ஆசைநாயகி துரத்திவிட, மயங்கிய கணவன் பின்னர் தெளிவடைவதாக அவர் எழுதிய ‘சா அம்மையாரின் தென்றிசைப் பயணம்’ என்னும் நாவல், மன்னன் மனத்தைத் திருப்புவதற்காக எழுதப்பட்டது என்பது நெடுநாளைய மரபு. தோற்ற கட்சியின் எழுத்தாளர் மன்னனைக் குற்றஞ்சாட்ட இயலாத நிலையில் ஆசைநாயகியைக் குற்றஞ்சாட்டினார். அவருக்கு அது தந்திரம். உயிரோடு விளையாடும் தந்திரம். அதனை நாம் மன்னிக்கலாம். முந்நூறு ஆண்டுகள் கழிந்து, மன்னனும் இல்லாத, நஞ்சுக் கிண்ணமும் இல்லாத குடியரசில், அதே தந்திரத்தைச் சரித்திரமென்று விற்பவர்களுக்கு என்ன சாட்டு உண்டு?

1961 ஆம் ஆண்டின் திரைப்படம் முதலாக ஜாங் ஹீ பின் எத்தனை முறை கொல்லப்பட்டிருக்கிறாள்! 1971 இல் எம்.பி.சி. தொடரில் அவளாக நடித்தவர், 2021 இல் ஒஸ்கார் விருது பெற்ற யூன் யோ ஜொங். இத்தனை கலைஞர்களின் ஆற்றல் ஒரு பெண்ணை வெறுக்கக் கற்பிப்பதற்குச் செலவாகியிருக்கிறது. ‘டொங் யி’ அவளை முன்னையவற்றிலும் சற்று மதிப்போடு காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்வோம். தொடக்கத்தில் அவள் அறிவும் மிடுக்கும் உடையவள். ஆனால் முடிவு மாறவில்லை.

அவள் எங்கிருந்து வந்தாள் என்பதைக் கேட்டால் வேறொரு கதை கிடைக்கும். ஜாங்கின் குடும்பம் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் குடும்பம். பிரபுக்களுக்கும் பொதுமக்களுக்கும் இடைப்பட்ட நடுத்தரத்தார். சீனத்தோடு நடந்த வாணிகத்தில் பணம் சேர்த்த கூட்டம் அது. 1678 இல் செப்புக் காசு பொதுவழக்குக்கு விடப்பட்டது; சந்தையும் பணமும் பெருகிக்கொண்டிருந்த காலம். பணம் படைத்தும் பதவி மறுக்கப்பட்ட ஒரு வகுப்பின் மகள் அரசியானபோது பிரபுக்கள் பதறியதன் காரணம் இங்கே இருக்கிறது. சூனியப் பொம்மைகளை எவ்வளவு கிளறினாலும் அது அகப்படாது.

அந்தப்புரத்துக்கும் பொருளாதாரத்துக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர், அரசமனைவியர், இளவரசர்களின் குடும்பங்களுக்கு வரிவிலக்கோடு வழங்கப்பட்ட நிலங்களைப் பற்றிச் சிறிது படித்தல் நன்று. அந்நிலங்கள் பெருகிய பெருக்கத்துக்கு 1695 இல் வரையறை வகுக்க வேண்டியதாயிற்று. ஒரு பெண் ஒரு படி உயர்ந்தால் ஒரு குடும்பம் நிலம் பெறும். ஒரு கட்சி பதவி பெறும். அதே 1695 இல் பெரும்பஞ்சம் தொடங்கி அடுத்த ஆண்டும் மக்களை வாட்டியது. இன்ஹியோன் அரசியாக மீண்டதற்கு அடுத்த ஆண்டு அது. அரசி மீண்ட காட்சியில் வீதியெங்கும் மக்கள் மகிழ்ந்து ஆரவாரிப்பதைப் பார்த்தோம். அவர்களுள் எத்தனை பேர் மறு ஆண்டின் அறுவடையைக் கண்டனர்?

நம் நண்பர்கள் மற்றொரு வாதத்தையும் முன்வைப்பர். இழிகுலத்துப் பெண் ஒருத்தி அறிவாலும் நேர்மையாலும் உயர்வதைக் காட்டுவது முற்போக்கு அன்றோ? ஆண்களின் போர்க்களத்தை விட்டுப் பெண்களை நடுவில் நிறுத்துவது வரவேற்கத்தக்கது அன்றோ? இவ்வாதத்தில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. டொங் யியாக ஹான் ஹியோ ஜூ ஓடியாடித் துப்பறிவதைப் பார்க்கும் ஓர் ஏழைச் சிறுமிக்கு நெஞ்சு விரியும். அந்த மகிழ்ச்சியை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அவள் தந்தையின் சங்கத்துக்கு நேர்ந்த கதி என்ன? அது பின்னர் மீண்டும் தலைதூக்கும்போது, கதாநாயகியின் நல்வாழ்வுக்கு வந்த இடையூறாகவே தோன்றுகிறது. தொடர் நம்மை வேண்டும்படி தூண்டுவது அவளுடைய இடம் பறிபோகக் கூடாதே என்றுதான். அடிமைகள் விடுபட வேண்டுமே என்றன்று. ஆயிரம் பேரின் வழக்கு ஒருத்தியின் பதவி உயர்வாகச் சுருங்கிவிட்டது. பெண்கள் நடுவில் நிற்கிறார்கள், உண்மைதான். ஒருவரை ஒருவர் அழிப்பதற்காக நிற்கிறார்கள்.

ஜாங் பட்டத்தரசியான 1690 ஆம் ஆண்டிலேயே தேகு பகுதியில் எடுக்கப்பட்ட குடிப்பதிவேடு ஒன்று ஆராய்ச்சியாளரின் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதில் உள்ளோரில் ஐந்தில் இரு பங்குக்குக் குறையாதோர் ‘நொபி’ எனப்பட்ட அடிமைகள். டொங் யியின் சரித்திர மூலமான சோ அம்மையாரின் மகன் யோங்ஜோ 1724 இல் மன்னனானான். 1731 இல், தந்தை அடிமையாயினும் தாய் சுதந்திரமானவளாயின் பிள்ளை சுதந்திரமானவனே என்னும் விதி அவன் காலத்தில் நிலைபெற்றது. தாயின் கண்ணீரை மகன் மறக்கவில்லை என்று தொலைக்காட்சி உள்ளம் உருகக்கூடும். வரலாறு அவ்வளவு மென்மையானதன்று. அடிமைகள் கூட்டங்கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தனர். படைவரி செலுத்தும் பொதுமக்களின் தொகை குறைந்து கருவூலம் வறண்டது. அரசுக்கு அடிமைகளை விட வரிகொடுப்போர் தேவைப்பட்டனர். ஓடியவர்களின் கால்கள் எழுதிய சட்டம் அது.

இதனைத் தொலைக்காட்சியில் காட்டவே இயலாது என்று ஒருவர் கூறுவாராயின், அதே 2010 இல் கே.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய ‘சூனோ’வைப் பார்க்கட்டும். ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தருபவர்களையும் துப்பாக்கி எடுத்த அடிமைகளையும் பற்றிய கதை. குறைகள் அதிலும் உண்டு; உடற்கட்டைக் காட்டும் மோகம் எல்லை மீறியிருக்கிறது. ஆயினும் அதன் கமெரா சேற்றில் இறங்கியது.

1592 இல் ஜப்பானியப் படை நெருங்கியதும் மன்னன் சொன்ஜோ தலைநகரை விட்டு ஓடினான். மக்கள் முதலில் தீ வைத்த இடங்களுள் அடிமைப் பதிவேடுகள் இருந்த பணியகமும் ஒன்று என்று அரசவையின் ஆண்டேடே குறித்து வைத்திருக்கிறது. அவர்கள் எந்த நல்ல அரசியையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1801 இல், அரசே தனது அடிமைகளின் பதிவேடுகளை அரண்மனை வாயிலுக்கு வெளியே கொளுத்தியது. அந்தத் தீயில் 66,000 க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் எரிந்தன. பிரபுக்களின் வீடுகளில் இருந்த அடிமைகளின் பெயர்கள் அவற்றுள் இல்லை. அவர்கள் 1894 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.