மலமெடுக்கும் டெண்டர்

ரயில் வண்டியில் மலங்கழிப்பவர்கள் எல்லா ஜாதியாருந்தான். அதைத் தண்டவாளத்திலிருந்து வாரியவர்கள் மட்டும் பெரும்பாலும் அருந்ததியரும், ஆதிதிராவிடரும், வடக்கே வால்மீகி என்று அழைக்கப்படுகின்றவர்களுமாகவே இருந்து வந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்கின்றோம்.

1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி வண்டி ஓடிற்று. அதே வருஷத்தில் காரல் மார்க்ஸ், ரயிலால் வரும் புதுத் தொழில்கள் ஜாதிக்கு அஸ்திவாரமான பரம்பரைத் தொழிற் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எழுதினார். ரயில் பெஞ்சு எல்லோரையும் பக்கத்தில் உட்கார வைத்தது உண்மைதான். ஆனால் கக்கூசில் ஓர் ஓட்டையைப் போட்டு, அதன் கீழே மனுவுக்கு உத்தியோகம் கொடுத்துவிட்டது.

மனிதனைக் கொண்டு மலமெடுக்கக் கூடாது என்று 1993-இல் ஒரு சட்டம் செய்தார்கள். 2013-இல் செய்த இரண்டாவது சட்டம் ரயில் பாதையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சேர்த்ததோடு நின்றார்களா? சர்க்கார் குறிப்பிடும் கருவியும் காப்பு உடையும் கொடுத்துவிட்டால், அவன் மலமெடுப்பவனாகக் கருதப்படமாட்டான் என்று ஒரு விளக்கத்தையும் கூடவே வைத்தார்கள். கையுறை மாட்டினால் மலம் சந்தனமாகிவிடுமா? தர்ப்பை போட்டால் தீட்டுப் போய்விடும் என்கிற புரோகிதனுக்கும் இதை எழுதினவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

நிற்க. தண்டவாளத்தில் மனிதன் மலமள்ளுவதைக் காலவரையறை செய்து ஒழிக்க வேண்டுமென்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் ரயில்வேக்கு உத்தரவிட்டது. வண்டிக்கடியில் தொட்டி வைத்து, கிருமிகளைக் கொண்டே மலத்தைக் கரைக்கும் ஏற்பாடும் பரவிற்று. 2016-இல் மானாமதுரை–இராமேசுவரம் பாதையே அதற்கு முதற் பாதையாயிற்று. பாவத்தைக் கழுவப் போனவர்கள் வழி நெடுகப் போட்டுக்கொண்டு போனதை எந்தச் சாமியும் அள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி வந்துதான் தீர்த்தது. இதை மனதாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால் அந்தத் தொட்டியில் பாட்டிலையும் துணியையும் போட்டு அடைத்தால் எடுப்பவன் யார்? ஸ்டேஷனைக் கழுவுகிறவன் யார்? கண்டிராக்டர் ஆள். இங்கேதான் சர்க்காரின் நாணயத்தைப் பார்க்க வேண்டும். தண்டவாளம் வாங்கும்போது எஃகைச் சோதித்து வாங்குகின்றார்கள். மனிதன் உழைப்பை வாங்கும்போதோ, எவன் குறைந்த தொகை எழுதினான் என்பதுதான் பெரிய பரீட்சை. அந்தக் குறைச்சல் எங்கிருந்து வரும்? இயந்திரத்தின் விலை குறையாது. மருந்தின் விலை குறையாது. கூலியிலும், பூட்ஸிலும், சோப்பிலுந்தான் குறையும். கேட்டால் "அவன் எங்கள் ஆள் அல்ல" என்பது. கண்டிராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கினவனே கொடுக்க வேண்டும் என்று 1970-லேயே சட்டம் சொல்லியாய்விட்டது. சாக்கடையில் இறங்கிச் செத்தவன் குடும்பத்திற்கு 2014-இல் 10 லட்சம் என்றிருந்த நஷ்டஈட்டை 2023-இல் கோர்ட் 30 லட்சமாக்கியது. செத்தபின் 30 லட்சம் கொடுப்பதைவிட, சாகாமல் வேலை செய்ய இயந்திரம் வாங்குவது கணக்குப் படித்தவர்களுக்கு விளங்காதா?

உத்தியோகத்தில் வகுப்புவாரிப் பங்கு கேட்டால் திறமை போய்விடும் என்று அழுகிறவர்கள், இந்த உத்தியோகத்தில் ஒரே வகுப்பார் நிறைந்திருப்பதைப் பற்றி மட்டும் அழக் காணோம். ஆதலால் ரயில்வேயார் தங்கள் துப்புரவுக் கண்டிராக்டுகளில் வேலை செய்கின்றவர்களின் ஜாதிவாரிக் கணக்கை, வாங்கும் கூலியோடு சேர்த்து, ஸ்டேஷன் ஸ்டேஷனாக வெளியிடட்டும்.