உறுதி எங்கே இருக்கிறது?

“தம்பி, அம்மாவின்ர காணி உறுதி எங்க கிடக்கு?”

கடந்த ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து அக்கா அழைத்துக் கேட்டார். வலி வடக்கில் எங்களுக்கு நான்கு பரப்புக் காணி இருக்கிறது. 1990 இல் விட்டுவிட்டு ஓடிய காணி. சில வருடங்களுக்கு முன்புதான் இராணுவம் விடுவித்தது. வீடு இல்லை, கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. உறுதியோ 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஒரு பையோடு தொலைந்துபோனது. 2007 இல் நாட்டைவிட்டுப் போன அக்காவுக்கு அது தெரியாது. அங்கே வீடு வாங்க டிப்போசிட்டுக்குக் காசு குறைகிறது, காணியை விற்கலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் வீடு வாங்குவதை இங்கே பெருமையாகவோ பொறாமையாகவோதான் பேசுகிறோம். கடந்த நவம்பரில் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியபோது, அவர் எதை வாங்கியிருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

ஏன் கிராமம்?

அக்கா குடும்பம் பதினைந்து வருடத்துக்கு மேல் வெம்பிளிப் பக்கம் வாடகைக்கு இருந்தது. ஐந்து முறை வீடு மாறினார்கள். 1988 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி, வீட்டுக்காரர் காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு மாத அறிவித்தலில் வாடகைக்காரரை எழும்பச் சொல்லலாம் என்ற நிலை இருந்தது. 2025 ஒக்டோபரில் நிறைவேறிய புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்த வழியை 2026 மே 1 முதல் மூடியது. அக்காவுக்கு அது பிந்திவிட்டது.

லண்டனில் வாங்குவது முடியாத காரியம். இங்கிலாந்து முழுவதையும் எடுத்தாலே, 2024 இல் ஒரு வீட்டின் விலை முழுநேர ஊழியர் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தைப்போல 7.7 மடங்கு. அதனால் எங்கள் ஆட்கள் வெளியே நகர்கிறார்கள். அக்கா வாங்கியது மில்டன் கீன்ஸிலிருந்து காரில் அரை மணி நேரம் போகவேண்டிய ஒரு கிராமத்தின் ஓரத்தில், வயலாக இருந்த நிலத்தில் புதிதாகக் கட்டிய மூன்று அறை வீடு.

விலை 340,000 பவுண். டிப்போசிட் 34,000. மிச்சம் 30 வருட மோட்கேஜ். மாதம் ஏறத்தாழ 1,600 பவுண். அத்தான் களஞ்சியசாலையிலும் அக்கா முதியோர் இல்லத்திலும் வேலை. வங்கிகள் பொதுவாக வருமானத்தின் நான்கரை மடங்குவரைதான் கடன் கொடுக்கும் என்பதால், அந்த எல்லையைத் தொட இருவரும் இரண்டு வருடம் மேலதிக நேரம் வேலை செய்தார்கள். முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரி விலக்கு 2025 ஏப்ரல் 1 இல் 425,000 இலிருந்து 300,000 பவுணாகக் குறைந்தது. அதனால் இன்னொரு 2,000.

ஏழு பவுணில் ஒரு பதிவு

அங்கே உறுதி என்ற கடதாசியைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கத் தேவையில்லை. 1862 இல் தொடங்கிய காணிப் பதிவகத்தின் கணினிப் பதிவுதான் உரித்து. ஏழு பவுண் கட்டினால் ஒரு வீடு யாருடையது, அதில் எந்த வங்கியின் கடன் இருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம். பதிவில் பிழை நேர்ந்து ஒருவர் நட்டப்பட்டால் அரசு நட்டஈடு கொடுக்கும்.

எங்கள் நாட்டில் பெரும்பாலும் பதிவாவது ஆவணம்தான். உரித்துக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. 1998 ஆம் ஆண்டு உரித்துப் பதிவுச் சட்டம் அதை மாற்ற வந்தது. வேலை இன்னும் முடியவில்லை.

ஆனால் இங்கிலாந்து முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஒப்பந்தங்கள் கைமாறும்வரை இரு பக்கமும் விலகலாம். அக்கா முதலில் பார்த்த பழைய வீடு அப்படித்தான் போனது. விற்பவர் வாங்கவிருந்த வீடு தவறியது, சங்கிலி அறுந்தது. வழக்கறிஞருக்கும் வீட்டைப் பரிசோதித்தவருக்கும் கொடுத்த காசு திரும்பவில்லை. புதிய குடியிருப்பில் வேறு தொல்லை. வீதியையும் புல்வெளியையும் கவுன்சில் பொறுப்பேற்காததால், கவுன்சில் வரிக்கு மேல் ஒரு தனியார் கம்பனிக்கு வருடம் 350 பவுண் கட்டவேண்டும். 2021–22 இல் 11 பெரிய கட்டுமானக் கம்பனிகள் விற்ற வீடுகளில் 80 வீதமானவற்றுக்கு இப்படிக் கட்டணம் இருந்ததாக, போட்டி ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பு 2024 இல் கண்டறிந்தது.

விளக்குக் கம்பங்களில் கொடி

கடைசி பஸ் ஆறரைக்கு. வெம்பிளியில் கோவிலுக்கும் கடைக்கும் நடந்துபோன அக்காவின் மாமியார் இப்போது சனிக்கிழமை வரும்வரை காத்திருக்கிறார்.

ஓகஸ்டில் பல ஊர்களில் விளக்குக் கம்பங்களில் கட்டப்பட்ட சிலுவைக் கொடிகள் அந்தக் கிராமத்திலும் மழையில் நனைந்து தொங்கின. “அது என்ன கொடி?” என்று மாமியார் கேட்டார். கட்டியவர்கள் எல்லோரும் வெறுப்பில் கட்டவில்லை. ஆனாலும் 2024 ஓகஸ்டில் புகலிடம் கோருவோர் தங்கிய விடுதிகளுக்குத் தீவைக்க முயன்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல.

எந்தக் குப்பைத் தொட்டியை எந்த நாள் வெளியே வைப்பது என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த அயல்வீட்டு முதியவர் புதிய வீடுகளை எதிர்த்தவர்தான். வைத்தியர் ஒருவர், வீடுகளோ நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. தன் மகனால் பிறந்த ஊரில் வீடு வாங்க முடியவில்லை என்றார். ஐந்து வருடத்தில் 15 இலட்சம் வீடுகள் என்பது அரசின் இலக்கு. வீடு மட்டும் வந்து பஸ்ஸும் வைத்தியசாலையும் வராதபோது, கோபம் கடைசியாக வந்தவர்மேல் திரும்புகிறது. அங்கே கடைசியாக வந்தவர்கள் நாங்கள்.

இங்கே

அக்கா அழைப்பதற்குச் சில நாட்கள் முன்பு, 2025 மார்ச் 28 அன்று, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பற்றி வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரித்தை நிரூபிக்காவிட்டால் அரச காணியாகலாம் என்ற நிலை. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசு பின்வாங்கியது. எங்கள் காணி அதில் இல்லை. ஆனால் வாங்க வந்தவர் அந்த வர்த்தமானியைச் சொல்லியே விலையைக் குறைத்தார்.

காணிப் பதிவகத்தில் தேடி உறுதியின் பிரதியை எடுத்தோம். அம்மா முழுவதையும் விற்கச் சம்மதிக்கவில்லை. இரண்டு பரப்பு விற்றோம். டிப்போசிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

எங்கள் குடும்பம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. முப்பது வருடம் மீட்கப் போராடிய நிலத்தை, வேறெங்கோ எழுப்பப்படாமல் இருப்பதற்காக விற்கிறோம். விற்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்காமல் வைத்திருப்பவர்கள் இப்போதே பதிவைத் தேடிப் பிரதி எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருந்தால் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுங்கள். அடுத்த வர்த்தமானி வரும்போது மூன்று மாதம் போதாது.

திரும்பி வந்ததும் அம்மா ஒன்றுதான் கேட்டார். “அங்க ஒருத்தரும் வந்து எழும்பச் சொல்லமாட்டினம்தானே?”

மாதாமாதம் காசு கட்டும்வரை சொல்லமாட்டார்கள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப மிச்சம் ரெண்டு பரப்பும் கிடக்கட்டும்” என்றார்.