பொன்னாடை போதுமா? மைக் கொடுங்க!

ஆடி பிறந்தால் போதும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை அம்மன் கோவில் ஒலிபெருக்கிகளில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல்தான்! நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்சில் தூங்கி வழிகிறவனும் கண் விழிப்பான்.

டிஸ்கோ என்ற பேச்சே இங்கு வராத காலத்தில் கிளப் டான்ஸ் பாட்டு என்றால் அவர்தான். 1961-ல் 'பாசமலர்', 1968-ல் 'பணமா பாசமா' என்று பட்டிதொட்டி எல்லாம் முழங்கினார். அப்புறம் சினிமா அவரை ஓரம்கட்டியது. பக்திப் பாட்டுதான் கைகொடுத்தது.

2011-ல் 'ஒஸ்தி' படத்துக்கு இசையமைப்பாளர் தமன் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டிய அம்மா ஒரு குத்துப்பாட்டு பாடினார். செம ஹிட்! குரல் எங்கேயும் போகவில்லை. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 'டிஸ்கோ ராணி' டோனா சம்மர் 17 வருஷம் கழித்து, 2008-ல்தான் புதுப்பாட்டு ஆல்பம் போட்டார். 2012-ல் கண்ணை மூடிவிட்டார். இடையில் போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

கை பழகிய தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புது ஆளை நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு என்று ஒரகடத்தில் கேட்டால் சொல்வார்கள். சினிமாவுக்கு மட்டும் அது ஏன் புரியவில்லை?

விழா மேடையில் பொன்னாடை போர்த்துவது சுலபம். மூத்த பாடகிகளுக்கு வேண்டியது அதுவல்ல. பாட்டு!