அழுத அன்றே முடிவெடுக்காதீர்கள்

எங்கள் சபையில் யாராவது எழுந்து, "ஆண்டவர் என்னோடு பேசினார், முடிவெடுத்துவிட்டேன்" என்று சாட்சி சொன்னால் எல்லாரும் "ஆமென்" சொல்கிறோம். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்வதாக இல்லை. ஏன் என்று எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

2016-இல் மேட்டூர் அணை, வழக்கமான ஜூன் 12 போய், செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறந்தது. அதன் பிறகு வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றிவிட்டது. வலங்கைமான் பக்கம் குடமுருட்டியை நம்பிச் சம்பா போட்டவர்களில் என் தம்பியும் ஒருவன். ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர். கதிர் வரும் சமயத்தில் பயிர் கருகிப் போனது. 2017 ஜனவரியில், தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசே அறிவித்தது.

அந்த மாதம் ஒரு ராத்திரி தம்பி ஜெபம் பண்ணி, கண்ணை மூடி வேதாகமத்தை விரித்து, விரலை வைத்தான். ஆதியாகமம் 12. தேசத்தையும் இனத்தையும் விட்டுப் புறப்படும்படி ஆபிராமுக்குச் சொல்லப்பட்ட இடம். மறுவாரமே நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டான். பணத்தோடு திருப்பூர் போய், பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் கூட்டுச் சேர்ந்தான். இரண்டு வருஷத்தில் அது மூடிவிட்டது. இப்போது அங்கேயே வாட்ச்மேன் வேலை பார்க்கிறான்.

நிலம் போனதைவிட எனக்கு வலிப்பது வேறு. அவன் இப்போது கோயிலுக்குப் போவதில்லை. கேட்டால், "அவர்தானே அண்ணே போகச் சொன்னார்" என்கிறான். அவர் சொல்லவில்லை. அவனுடைய துக்கம் சொன்னது. அதற்கு நாம் ஆண்டவரின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தோம். நஷ்டம் வந்ததும் பழி அவர்மேல் போய்விட்டது.

அதே 12-ஆம் அதிகாரத்தில் பத்தாம் வசனத்தைப் பாருங்கள். பஞ்சம் வருகிறது; ஆபிராம் எகிப்துக்குப் போகிறான்; பயத்தில் மனைவியைத் தங்கை என்று சொல்லி மாட்டிக்கொள்கிறான். தம்பியின் விரல் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் "போகாதே" என்றல்லவா அர்த்தம் எடுத்திருப்பான்? அதுவும் தப்புதான். கண்ணை மூடித் தேடினால் எதற்கும் ஒரு வசனம் கிடைக்கும்.

"அப்போஸ்தலரே சீட்டுப் போட்டார்களே" என்பார்கள். போட்டார்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் தகுதி என்ன என்று பேசி, ஆரம்பம் முதல் கூடவே இருந்தவர்களாகப் பார்த்து இரண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணிய பிறகுதான் சீட்டு. "சுயபுத்தியில் சாயாதே என்று நீதிமொழிகளில் இருக்கிறதே" என்பார்கள். சாயாதே என்றால் முழு பாரத்தையும் அதன்மேல் போடாதே என்று அர்த்தம். தூக்கி எறிந்துவிடு என்று அர்த்தமில்லை. பலரிடம் ஆலோசனை கேள் என்று சொல்வதும் அதே புத்தகம்தான்.

இவ்வளவு எழுதிவிட்டு என்னை விட்டுவிட முடியாது. நான் கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். தம்பி நிலத்தை விற்கப்போகிறான் என்றதும் ஒரு தாளில் பாயிண்ட் பாயிண்டாக எழுதி அவன் முன்னால் வைத்தேன். பயிர்க் காப்பீடு, கடன் தவணை, அடுத்த வருஷ மகசூல் எல்லாம் அதில் இருந்தது. அவன் தாளைப் பார்க்கவே இல்லை. "அண்ணே, நீ வயலை வந்து பார்த்தியா?" என்று மட்டும் கேட்டான். நான் போய்ப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து வயலுக்கு இருபது நிமிஷ நடைதான். கணக்குச் சரியாக இருந்தும் அவன் காதில் ஏறாததற்குக் காரணம் நான்தான். "உணர்ச்சிக்கு இடம் கொடுக்காதே, புத்தியை உபயோகி" என்று உபதேசம் பண்ணுகிற என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் உட்கார்ந்து அழுதான், உபவாசம் இருந்தான். ஆனால் அழுத அன்றே கிளம்பிவிடவில்லை. ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் ராஜாவிடம் வாய் திறந்தான். அப்போது திரும்பிவர எவ்வளவு காலமாகும் என்று சொல்ல அவனுக்குத் தெரிந்திருந்தது. வழியில் காட்டக் கடிதமும், மரத்துக்கு அனுமதியும் கேட்டு வாங்கினான். போய்ச் சேர்ந்து மூன்று நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் ராத்திரியில் இடிந்த சுவரைச் சுற்றிப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் "கட்டுவோம்" என்றான். அழுகையும் அவனுடையதுதான், அளவெடுத்ததும் அவன்தான்.

நான் லுத்தரன். ஆனாலும் கத்தோலிக்கர் கொண்டாடும் இஞ்ஞாசியாரிடம் ஒரு பாடம் படித்தேன். 1521-இல் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்த போர்வீரர் அவர். படுக்கையில் கிடந்து தன் மனசையே கவனித்தவர். மனசு இருண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று பிற்பாடு எழுதி வைத்தார். அந்த ஜனவரியில் எங்கள் சபையில் யாராவது ஒருவர் இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். நாங்கள் "ஆமென்" சொன்னோம்.

திருப்பூர் போனதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நாலு மாதம் பொறுத்து, நாலு பேரைக் கேட்டு, அதன் பிறகும் போயிருந்தால் அது அவன் எடுத்த முடிவாக இருந்திருக்கும். தோற்றாலும் ஆண்டவரிடம் வந்து அழ அவனுக்கு இடம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே அடுத்த ஞாயிறு யாராவது எழுந்து சாட்சி சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். அழுகை அடங்கி எத்தனை நாளாயிற்று? யார் யாரைக் கேட்டாய்? கணக்குப் பார்த்தாயா? ஆனால் கேட்பதற்கு முன்னால் ஒரு தடவை அவருடைய வயலுக்குப் போய்விட்டு வாருங்கள்.