பாலாடையோடு வரும் உறவினர்கள்

ஆசிரியருக்கு,

தாய்ப்பால் வாரத்தையொட்டி வந்த கட்டுரை சீம்பாலின் அருமையை நன்றாகச் சொன்னது. ஆனால், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகான வாரங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பெண்கள் தடுமாறுவது அங்கேதான்.

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "பால் பத்துதா?" குழந்தை சிணுங்கினால் உடனே, "பவுடர் பால் ஒரு பாலாடை கொடுத்துப் பாரேன்." பச்சைக் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும், ராத்திரியும் விழிக்கும். முதல் சில நாளில் எடை சற்றுக் குறைந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். முதல் வாரத்துக்குப் பின் தினமும் 6 தடவையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்றே பொருள். தேவையில்லாமல் பவுடர் பால் புகுந்தால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும். அப்புறம் அவர்கள் சொன்னதே பலித்துவிடும்!

பூண்டும் பால் சுறாவும் சமைத்துப் போடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பத்தியம் என்று தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பதுதான் கொடுமை.

பால் பவுடர் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உறவினர்கள் செய்யும் விளம்பரத்துக்குத் தடையில்லை.

குழந்தையை மார்பில் சரியாகப் பொருத்துவது, பால் கட்டினால் என்ன செய்வது, எப்போது மருத்துவரிடம் ஓடுவது என்று அனுபவமுள்ள செவிலியர் ஒருவரைக் கொண்டு ஒரு தொடர் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகி, கும்பகோணம்